மடைப்பள்ளியும் திருப்பணியே

தைப்பூசத் திருநாள் என்றவுடன் பினாங்கு மக்களின் நினைவுக்கு முதலில் வருவது வெள்ளி ரதமே. பூசத்திற்கு முதல்நாள் விடியற்காலையில் பினாங்கு வீதிக் கோவில் வீட்டிலிருந்து புறப்படும் ரதம், சாலையெங்கும் சிதறும் தேங்காய்களுக்கிடையே மெல்ல நகர்ந்து தண்ணீர்மலையை அடைவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். காரைக்குடியில் செய்யப்பட்டு 1894-ஆம் ஆண்டு கப்பலேறி வந்த ரதம் அது. தமிழர் மட்டுமன்றிச் சீன அன்பர்களும் அதன் வரவுக்காக வீதியோரங்களில் காத்து நிற்கும் காட்சி இத்தீவுக்கே உரிய பெருமையாகும்.

ரதத்தைத் தரிசிக்கும் பல்லாயிரவரில் பெரும்பாலோர் எட்டிப் பாராத இடம் ஒன்றுண்டு. ரதம் அசைவதற்கு வெகுநேரம் முன்பே அங்கே அடுப்பு மூட்டப்பட்டிருக்கும். அண்டாக்களில் உலை கொதித்துக் கொண்டிருக்கும். காய்கறி நறுக்குவோரும் அரிசி களைவோரும் உறக்கம் மறந்து அமர்ந்திருப்பார்கள். மூன்று நாள் விழாவில் பக்தர்கள் உண்ணும் ஒவ்வொரு கவளமும் அந்த இடத்திலிருந்துதான் வருகிறது. அதுவே மடைப்பள்ளி.

‘மடை’ என்னும் சொல் தெய்வத்திற்குப் படைக்கும் உணவையும் சமையலையும் ஒருங்கே குறிக்கும். பழந்தமிழில் ‘மடையன்’ என்றால் சமையல் வல்லவன் என்று பொருள். இன்று அது வசைச்சொல். மடமை என்னும் வேறொரு சொல்வழி வந்த வசை அது என்று மொழிவல்லார் விளக்கம் கூறுவர்; எனினும் சமையற்கட்டில் நிற்பவரை நம் ஆலயங்கள் நடத்தும் முறையைக் காணும்போது, இரண்டும் ஒன்றாகிப் போனதில் வியப்பில்லை என்றே தோன்றுகிறது.

ஆகம வழியில் எழும்பும் ஆலயத்தில் மடைப்பள்ளிக்கு அக்கினி மூலையாகிய தென்கிழக்கு ஒதுக்கப்படுகிறது. கருவறையையும் கொடிமரத்தையும் போல் அதுவும் இடமறிந்து வைக்கப்படும் உறுப்பாகும். பூரி ஜகந்நாதர் ஆலயத்தில் நூற்றுக்கணக்கான அடுப்புகள் கொண்ட பெரும் மடைப்பள்ளி அதே தென்கிழக்கில் அமைந்து, மண்பாண்டங்களில் விறகுத் தீயால் இன்றும் சமையல் நடைபெறுகிறது. திருமலையில் வேங்கடமுடையானின் அன்னையாகப் போற்றப்படும் வகுளமாலிகை மடைப்பள்ளியை மேற்பார்வையிடுவதாக ஐதீகம். அவருக்கு அதனை ஒட்டியே சந்நிதியும் உண்டு. தெய்வத்தின் தாயே காவலிருக்கும் அளவுக்கு மடைப்பள்ளி மேலானது என்பது முன்னோர் கருத்து.

இங்கு நடப்பது என்ன? பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மகா கும்பாபிஷேகத்திற்கு ஓர் ஆலயம் ஆயத்தமாகிறது என்று வைத்துக்கொள்வோம். செயலவை கூடுகிறது. தமிழகத்திலிருந்து ஸ்தபதிகளும் சிற்பிகளும் வரவழைக்கப்படுகிறார்கள். இராஜகோபுரம், விமானம், சுதை வேலை, பஞ்சவர்ணம், மண்டபத்திற்கு மார்பல் தளம், உற்சவ மூர்த்திக்கு வெள்ளிக் கவசம் என்று மதிப்பீடு நீள்கிறது. மடைப்பள்ளி அந்தப் பட்டியலின் கடைசி வரியில் இடம்பெறுகிறது. பணம் குறையும்போது முதலில் அடிபடுவதும் அந்த வரியே. முடிவில் பின்புறச் சுவரை ஒட்டித் தகரக் கூரை ஒன்று சாய்க்கப்படுகிறது. மிஞ்சிய டைல்ஸ் அங்கே ஒட்டப்படுகிறது. ஐந்நூறு பேருக்கு அன்னமிட வேண்டிய இடம் இவ்வாறு முடிந்துவிடுகிறது.

இதற்கு நேர்மாறான வரிசையில் பணியாற்றிய ஒரு பெருமான் தமிழகத்தில் வாழ்ந்தார். தைப்பூசத்தோடு அவருக்குள்ள உறவை இங்குள்ள அன்பர்களும் நன்கு அறிவர்.

1867-ஆம் ஆண்டு மே மாதம் 23-ஆம் நாள் வடலூரில் வள்ளலார் இராமலிங்க அடிகளார் சத்திய தருமச்சாலையைத் தொடங்கினார். சாதி, சமயம், ஊர், பேர் எதுவும் கேளாமல் பசித்து வந்தவர் எல்லோருக்கும் சோறிடுவதற்காகவே அது ஏற்பட்டது. அவர் எழுப்பிய சத்திய ஞான சபையில் முதல் வழிபாடு நடந்ததோ 1872-ஆம் ஆண்டு ஜனவரி 25-ஆம் நாள், தைப்பூசத்தன்று. இரண்டு தேதிகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும். எண்கோண வடிவிலான அந்தச் சபையும், ஏழு திரைகளை நீக்கிக் காட்டப்படும் ஜோதி தரிசனமும் உலகறிந்தவை. அச்சபை எழுவதற்கு ஏறத்தாழ ஐந்து ஆண்டுகளுக்கு முன்பே அடுப்பு எரியத் தொடங்கிவிட்டது. வழிபாட்டுக்குரிய இடத்தைக் கட்டியபின் பணம் மிஞ்சினால் சமையற்கட்டு என்று அவர் எண்ணவில்லை.

அந்த அடுப்பின் அளவையும் அறிந்துகொள்வது நல்லது. நீளம் 21 அடி. அகலம் இரண்டரை அடி. ஆழம் இரண்டரை அடி என்று சொல்லப்படுகிறது. கலியாண வீடுகளில் வெட்டப்படும் கோட்டை அடுப்பைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் உடனே விளங்கும். ஒரே நீண்ட தீயின்மேல் பல பாத்திரங்களை வரிசையாக ஏற்றலாம். சோறும் குழம்பும் கூட்டும் ஒரே நேரத்தில் பக்குவத்திற்கு வரும். ஒருவர் விறகு தள்ள, பலர் கிண்டலாம். திடீரென்று நூறு பேர் கூடுதலாக வந்தாலும் இன்னும் ஒரு பாத்திரம் ஏற்ற இடமிருக்கும். எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாத இடத்திற்கென்றே சிந்தித்து அமைக்கப்பட்ட வடிவம் அது. அணையா அடுப்பு என்று பெயர் பெற்ற அதில் அன்று மூட்டிய தீ ஒன்றரை நூற்றாண்டைக் கடந்து இன்றும் காக்கப்பட்டு வருகிறது. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைச் சூறையாடிய கொடும் பஞ்சத்திற்கு ஒன்பது ஆண்டுகள் முன்னதாகவே வடலூரில் அந்த அடுப்பு எரிந்துகொண்டிருந்தது என்பதையும் எண்ணிப் பார்க்கலாம்.

அந்த அடுப்பில் சிற்ப வேலை எதுவும் கிடையாது. ஆயினும் வடலூருக்குச் செல்வோர் சபையைத் தரிசித்த கையோடு சாலைக்கும் சென்று அந்த அடுப்பின் முன் கைகூப்புகின்றனர். ஒரு சமையற்கட்டு தரிசனத்திற்குரிய இடமாகிவிட்டது. அதற்கு அலங்காரம் செய்தவர் எவர்? அதில் நாள்தோறும் எரியும் நெருப்பே அதன் அலங்காரம்.

மடங்களின் சமையற்கட்டு பற்றிச் சைவ மரபு சொல்லும் நிகழ்ச்சி ஒன்றும் இங்கே நினைக்கத்தக்கது. திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது திருநாவுக்கரசரும் திருஞானசம்பந்தரும் தத்தம் திருமடங்களில் அடியார்களுக்கு அமுது செய்வித்தனர் என்றும், அதற்கென இறைவன் நாள்தோறும் இருவருக்கும் படிக்காசு அளித்தான் என்றும் சேக்கிழார் பெரிய புராணத்தில் கூறுகிறார். அப்பரின் மடத்தில் உரிய வேளையில் அமுது ஆகிவிடும். சம்பந்தரின் மடத்திலோ தாமதம். காரணம் கேட்டபோது, பிள்ளையார் பெறும் காசுக்குக் கடைக்காரர்கள் வட்டம் கேட்பதால் பண்டம் வாங்கி வரப் பொழுதாகிறது என்றனர் சமைப்போர். சம்பந்தர் அந்தக் குறை நீங்கப் பாடினார். நல்ல காசு கிடைத்தது. அமுதும் நேரத்திற்கு ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. ‘ஏன் நேரமாகிறது?’ என்று சமையற்கட்டில் இருப்பவர்களை அழைத்து ஞானசம்பந்தரே விசாரித்தார். அவர்கள் சொன்ன குறை சந்நிதி வரை சென்றது. நம் ஆலயங்களில் சமைப்பவரின் குறை செயலவையின் மேசை வரையாவது வருகிறதா?

அயல்நாட்டுத் துறவியர் மடங்களிலும் சமையற்கட்டுக்குப் பெருஞ்சிறப்பு இருந்தது. இங்கிலாந்தில் கிளாஸ்டன்பரி என்னும் ஊரிலிருந்த கிறிஸ்துவ மடத்தின் சமையற்கட்டு பதினான்காம் நூற்றாண்டினது. நான்கு மூலைகளிலும் நான்கு பெரிய அடுப்புகள். மேலே எண்கோணமாக எழும் கற்கூரை. அதன் உச்சியில் புகையும் வெப்பமும் வெளியேறத் திறப்புகள். சமையற்கட்டுக்குக் கோபுரம் வைத்ததுபோன்ற கட்டடம் அது. மெக்சிகோ நாட்டில் புவெப்லா நகரின் சாந்தா ரோசா கன்னிமடத்துச் சமையற்கட்டில் சுவர், விதானம், அடுப்பு மேடை எல்லாமே வண்ணப் பீங்கான் ஓடுகளால் இழைக்கப்பட்டுள்ளன. கண்கொள்ளாக் காட்சிதான். ஆனால் இரண்டிலும் இன்று சமையல் இல்லை. கிளாஸ்டன்பரி மடம் 1539-இல் அரசரால் கலைக்கப்பட்டது. புவெப்லா மடம் அருங்காட்சியகமாகிவிட்டது. கட்டணம் செலுத்திச் சென்று குளிர்ந்துபோன அடுப்பைப் பார்த்து வரலாம். நம்மிடம் எரியும் அடுப்புகள் இருக்கின்றன. அவற்றைப் பார்க்கத்தான் எவருக்கும் நேரமில்லை.

செட்டிநாட்டு வீடுகளைக் கண்டவர்கள் முகப்பையும் வளவையும் புகழ்வார்கள். பர்மாத் தேக்குத் தூண்கள், முட்டை வெண்கரு சேர்த்து மெருகிட்ட சுவர், ஆத்தங்குடிக் கல் என்று அவ்வழகு நீளும். அதே வீட்டின் கடைசிக் கட்டில்தான் அடுக்களை. அங்கே மெருகு கிடையாது. புகை மேலே போகத் திறந்த முற்றம், கழுவிவிட ஏற்ற கற்றளம், எட்டும் தூரத்தில் கிணறு, வரிசையாக அம்மி, ஆட்டுக்கல், உரல். ஆடம்பரம் எங்கே வேண்டும், எங்கே கூடாது என்று அறிந்தவர்களின் கட்டடம் அது. அந்த ஊர்களிலிருந்து வந்த நகரத்தார் பெருமக்களே 1857-இல் தண்ணீர்மலையில் தண்டாயுதபாணிக்கு ஆலயம் எழுப்பினர். பூசக் காலத்தில் அவர்கள் நடத்திவரும் அன்னதானத்தின் ஒழுங்கை வியக்காதார் இல்லை.

ஆகவே மடைப்பள்ளி அமைப்பு என்பது புகை, தண்ணீர், தளம், சுவர் ஆகியவற்றைப் பற்றிய சிந்தனையாகும்.

புகை முதலாவது. சமையற்புகையால் வீடுகளுக்குள் ஏற்படும் காற்று மாசு, 2020-ஆம் ஆண்டில் மட்டும் உலகெங்கும் 32 இலட்சம் உயிர்களைக் கொண்டுபோனதாக உலகச் சுகாதார நிறுவனம் கணக்கிட்டுள்ளது. ரப்பர் விறகின் புகையில் கண் சிவந்து இருமிக்கொண்டே பொங்கல் கிண்டுபவரைப் பார்த்து ‘என்ன பக்தி’ என்று மெச்சிவிட்டுப் போவது அறமாகாது. பழைய மடைப்பள்ளிகளில் உயரமான கூரையும், அதன்மேல் இடைவெளி விட்டு எழுப்பிய சிறு கூரையும் இருந்தன. சூடான புகை தானே மேலேறி வெளியேறும். அழகுக்கென்று அதன்கீழ்ப் பொய்க்கூரை அடித்துவிட்டுப் பின்னர் மின்விசிறி மாட்டிப் புகையை இழுக்கப் பார்ப்பது, இருந்த கதவை அடைத்துவிட்டுச் சுவரில் ஓட்டை போடுவதற்கு ஒப்பாகும்.

விறகை விட்டு எரிவாயுத் தோம்புக்கு மாறலாமா என்று கேட்போர் உண்டு. மூலவருக்குரிய நைவேத்தியத்தில் அவரவர் ஆலய மரபும் சிவாச்சாரியாரின் சொல்லுமே முடிவு. பெருங்கூட்டத்திற்கான அன்னதானச் சமையலில் எரிவாயு குற்றமாகாது. ஆனால் தோம்புகளை அடுப்புக்கு அருகிலேயே அடுக்கி வைக்கும் வழக்கம் பெருங்குற்றம். அவற்றிற்குக் கட்டடத்திற்கு வெளியே காற்றோட்டமுள்ள தனியிடம் வேண்டும்.

அடுத்தது தளம். கஞ்சி வடிக்கும் இடத்தில் பளபளக்கும் டைல்ஸ் பதிப்பதைவிட அறிவீனம் வேறில்லை. கொதிக்கும் சாம்பார் தவலையை இருவர் தூக்கி வரும்போது ஒருவர் கால் வழுக்கினால் என்ன ஆகும் என்று மதிப்பீடு எழுதுபவர் எண்ணிப் பார்க்க வேண்டும். சொரசொரப்பான கல்லும், கஞ்சி தேங்காமல் ஓடிவிடுமளவு வாட்டமும், கைவிட்டுத் துப்புரவு செய்யக்கூடிய வடிகாலும் போதும். தண்ணீர்க் குழாய் அரிசி களையும் இடத்திற்கு ஒன்றும் பாத்திரம் துலக்கும் இடத்திற்கு ஒன்றுமாக இருத்தல் வேண்டும். இவை பெரிய செலவல்ல. முதலிலேயே யோசித்தால் சிறு செலவு. பின்னால் இடித்துச் செய்தால்தான் பெருஞ்செலவு.

சுவரைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியுள்ளது. ஜார்ஜ் டவுன் நகரம் மலாக்காவுடன் சேர்ந்து 2008-ஆம் ஆண்டு ஜூலை 7-ஆம் நாள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத் தளமாக அறிவிக்கப்பட்டது. 1833-இல் எழுந்த குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் முதலிய நம் வழிபாட்டிடங்கள் அந்த எல்லைக்குள் உள்ளன. இத்தகைய பழங்கட்டடங்களின் சுவர்கள் செங்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும் கொண்டவை. தரையிலிருந்து ஏறும் ஈரத்தைச் சுண்ணாம்புப் பூச்சு வெளியே விட்டுவிடும். அதன்மேல் சிமெண்டு பூசி, டைல்ஸ் ஒட்டிவிட்டால் ஈரம் உள்ளேயே அடைபட்டுச் செங்கல்லை அரித்துவிடும். நீராவி நாள்தோறும் எழும் சமையற்கட்டில் இந்தக் கேடு இன்னும் விரைவாக நிகழும். சில ஆண்டுகளில் டைல்ஸ் பெயர்ந்து விழும்போது அதனோடு சேர்ந்து நூறாண்டுச் சுவரும் உதிரும். முகப்புக்குப் பாரம்பரியம் பேசும் நாம் பின்கட்டில் இவ்வாறு செய்துவிடக் கூடாது.

அப்படியானால் மடைப்பள்ளிக்கு அலங்காரமே வேண்டாமா? வேண்டும். அதற்கும் முன்னோர் முறை வகுத்தே சென்றுள்ளனர். சுண்ணாம்பு வெள்ளையும் காவியும் மாறிமாறி இட்ட பட்டைகள். வாயிலில் மாவிலைத் தோரணம். மெழுகிய அடுப்பின்மேல் அரிசிமாக் கோலம், மஞ்சள், குங்குமம். கிழக்கு நோக்கிய மாடத்தில் ஒரு விளக்கு. நிலைக்கு மேலே கரண்டியேந்திய அன்னபூரணி. சுண்ணாம்பு பூச்சியை அண்டவிடாது. ஆண்டுதோறும் வெள்ளையடிப்பதால் புகைக்கரி போகும். கோலமிட வேண்டுமானால் அடுப்பை முதலில் துப்புரவாக்கித்தானே ஆகவேண்டும்? சுத்தமில்லாத அடுப்பின்மேல் எவரும் கோலமிடுவதில்லை. தினமும் புதிதாக இட வேண்டிய இந்த அலங்காரத்தின் இடத்தில், ஒருமுறை ஒட்டிவிட்டால் போதும் என்னும் பிளாஸ்டிக் கோலம் வந்துவிட்டது. அதனடியில் எண்ணெய்ப் பிசுக்கு சேருகிறது.

மடைப்பள்ளியின் மற்றோர் அணி அதன் பாத்திரங்கள். பழைய ஆலயங்களில் பித்தளை அண்டா, வெண்கல உருளி, செப்புத் தவலை ஆகியவற்றை உபயமாகக் கொடுத்தவர்கள் தம் பெயர், ஊர், வருடம் ஆகியவற்றை விளிம்பில் வெட்டிக் கொடுப்பது வழக்கம். கப்பலேறி வந்து துறைமுகத்திலும் தோட்டங்களிலும் உழைத்தவர்கள், வட்டிக்கடை வைத்தவர்கள், பால்மாடு வளர்த்தவர்கள் எனப் பலதரத்தாரும் இவ்வாறு கொடுத்திருக்கக் கூடும். அவர்களில் பலருக்கு வேறு எங்கும் கல்வெட்டு இல்லை. அந்த அண்டாவின் விளிம்பே அவர்களது கல்வெட்டு. ஈயம் பூசுவோர் அருகிவிட்டனர் என்பதும், ஈயம் பூசாத பித்தளையில் புளி சேர்ந்தால் களிம்பேறும் என்பதும் உண்மை. எவர்சில்வருக்கு மாறியது அதனால்தான். ஆனால் ஓய்வு பெற்ற பாத்திரங்களை எடைக்குப் போட்டுவிடுவது என்ன நியாயம்? ஒரு பித்தளை அண்டாவின் விலை அந்த மாத மின்கட்டணத்திற்குக்கூடப் போதாது. அவற்றைத் துலக்கி மடைப்பள்ளிச் சுவரோரம் வரிசையாக வைத்து, விளிம்பிலுள்ள எழுத்தைப் படியெடுத்து ஏட்டில் பதிந்தால், இத்தீவில் வாழ்ந்த தமிழரின் வரலாற்றுக்கு ஆதாரம் கிடைக்கும். மடைப்பள்ளிக்கும் அதைவிட அழகு வேறு வேண்டா.

உபயதாரப் பெருமக்களிடம் ஒரு விண்ணப்பம். கோபுரத்திற்குக் கொடுத்தால் பெயர் கண்ணில் படும். வாகனத்திற்குக் கொடுத்தால் விழாதோறும் ஒலிபெருக்கியில் சொல்வார்கள். வடிகாலுக்கும் புகைக்கூண்டுக்கும் கொடுப்பவருக்குக் கல்வெட்டு வைப்பாரில்லை. இந்தக் குறையை ஆலய நிர்வாகங்களே நீக்க வேண்டும். மடைப்பள்ளித் திருப்பணிக்கென்று தனி இரசீதுப் புத்தகம் அச்சிடலாம். கொடுத்தவர் பெயரை அன்னதானக் கூடத்தின் வாயிலில், பக்தர்கள் பந்திக்குக் காத்து நிற்கும் இடத்தில் பொறிக்கலாம். பசியோடு நிற்பவர்களைப்போல் ஊன்றிப் படிப்பவர்கள் வேறெங்கும் கிடைக்க மாட்டார்கள்.

தைப்பூசம் முடிந்து ரதம் கோவில் வீட்டுக்குத் திரும்பியபின், பல ஆலயங்களில் அடுத்த ஆண்டுக்கான செயலவைக் கூட்டங்கள் நடைபெறும். கும்பாபிஷேகத்தை நோக்கியிருக்கும் ஆலயங்கள் வரைபடத்தை விரிக்கும். அந்தக் கூட்டத்திற்கு ஸ்தபதியையும் கட்டடக் கலைஞரையும் அழைப்பதுபோல், மடைப்பள்ளியில் நெடுங்காலம் நின்றவரையும் அழைத்து நாற்காலியிட்டு அமர்த்த வேண்டும். அடுப்பு எந்த உயரத்தில் இருந்தால் முதுகு வலிக்காது, காற்று எந்த மாதத்தில் எந்தப் பக்கமிருந்து புகையைத் திருப்பி அடிக்கிறது, அரிசி மூட்டை எந்த வழியாக உள்ளே வருகிறது, பந்திக்குச் சோறு எந்த வழியாக வெளியே போகிறது என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். அவர் சொல்லி முடித்தபின் வரைபடத்தில் முதல் கோட்டைத் தென்கிழக்கு மூலையிலிருந்து தொடங்கலாம்.